பின்தங்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான துணை வகுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் படிக்கும் பிள்ளை பின்தங்கும்போது பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். துணை வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் இது பயன்படும்.

துணை வகுப்பும் டியூஷனும் ஒன்றுதானே?

இல்லை. டியூஷனில் பெரும்பாலும் பள்ளியில் அன்று நடந்த பாடமே மறுபடி நடக்கும். பாடம் ஓரளவு புரிந்து, இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்கிற பிள்ளைக்கு அது போதும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கே தகராறு என்றால், ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மூன்று முறை கேட்டாலும் மனதில் நிற்காது.

துணை வகுப்பு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். ஒன்று, பாடம் எங்கே விட்டுப்போனதோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து இப்போதைய பாடம் வரை ஏற்றிக்கொண்டு வருவது. இன்னொன்று, எப்படிப் படிப்பது என்பதையே கற்றுக்கொடுப்பது. இவற்றில் ஒன்றை மட்டும் செய்யும் வகுப்புகள்தான் அதிகம். பலன் பாதியில் நின்றுவிடுவதும் அதனால்தான்.

எங்கே விட்டுப்போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மதிப்பெண் பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 100-க்கு 32 என்ற எண் எதையும் சொல்வதில்லை. விடைத்தாளைப் பார்க்க வேண்டும். அதிலும் விடையை விட்டுவிட்டு நடுவில் உள்ள வரிகளைப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு: ‘ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டினால் 14 வருகிறது. அந்த எண் என்ன?’ சரியான விடை 24. ஒரு மாணவர் 49 என்று எழுதியிருக்கிறார். “இயற்கணிதமே வரவில்லை” என்று முடிவுகட்டி, சமன்பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கமாக நடப்பது. அவர் எழுதிய வரிகளைப் படித்தால் வேறு கதை தெரியும். 1/3 + 1/4 = 2/7 என்று போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு 14-ஐ 7-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்து 49 கொண்டுவந்திருக்கிறார். சமன்பாட்டைத் தீர்த்த விதத்தில் குற்றமே இல்லை. தகராறு பின்னக் கூட்டலில் மட்டும்தான். இவருக்கு வேண்டியது பொதுப் பகுதி எண் காண்பதில் சில நாள் பயிற்சி. சமன்பாட்டை மறுபடி நடத்தினால் தெரிந்ததையே கேட்டுச் சலித்துப்போவார், தெரியாதது அப்படியே கிடக்கும்.

இதே போல −5 − 3 என்று கொடுத்தால் 8 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். அது பெருக்கலுக்கான விதி. இங்கே கொண்டுவந்து பொருத்திவிட்டார்கள். எண்கோட்டில் −5-இல் நின்று இடப்பக்கம் 3 இடம் நகர்ந்து பார்க்கச் சொன்னால் எங்கே பிசகினோம் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஆகவே முதல் நாள் ஒரு சிறு கண்டறியும் தேர்வு வையுங்கள். 15 கேள்விகள், 40 நிமிடம், கால்குலேட்டர் வேண்டாம், எல்லா வரிகளையும் எழுத வேண்டும், அடித்தாலும் அழிக்கக் கூடாது. பின்னம், தசமம், விகிதம், சதவீதம், குறை எண்கள், செயல்களின் வரிசை, எளிய சமன்பாடு ஆகியவற்றுக்குத் தலா இரண்டு கேள்வி. மீதி ஒன்று இப்போதைய பாடத்திலிருந்து. ஒரே தலைப்பில் இரண்டு கேள்வி வைப்பதற்குக் காரணம் உண்டு: ஒன்று தவறினால் அது தற்செயலாக இருக்கலாம், இரண்டும் ஒரே மாதிரி தவறினால் அங்கேதான் ஓட்டை.

“எல்லாம் தெரியும், கவனக்குறைவால் தப்பு விடுகிறான்” என்கிறார்களே?

சில நேரம் உண்மை. பல நேரம் இது நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம். சோதித்துப் பார்ப்பது எளிது. தவறிய கணக்கை, தவறு எங்கே என்று காட்டாமல் திருப்பிக் கொடுத்து, “இதில் ஒரு தப்பு இருக்கிறது, கண்டுபிடி” என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் தானே கண்டுபிடித்தால் அது கவனப் பிழை. கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலோ, மறுநாள் அதே மாதிரிக் கணக்கில் அதே தப்பு வந்தாலோ, அது புரியாததால் வந்த பிழை.

இன்னொரு வகையும் உண்டு: கேள்வியைத் தவறாகப் படிப்பது. ‘வேறுபடுத்துக’ என்று கேட்டிருப்பார்கள். பிள்ளை இரண்டையும் தனித்தனியாக விளக்கி ஒரு பக்கம் எழுதியிருக்கும், மதிப்பெண் பாதிதான் வரும். ‘காரணம் தருக’, ‘பட்டியலிடுக’, ‘விளக்குக’, ‘ஒப்பிடுக’ ஆகிய ஒவ்வொன்றுக்கும் விடையின் வடிவம் வேறு என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இரண்டே வகுப்பில் சொல்லித் தந்துவிடலாம். எழுதப்பட்ட விடைகளில் உடனடியாக முன்னேற்றம் தெரிவது இங்கேதான்.

கணக்கு மட்டுமல்ல, எல்லாப் பாடத்திலும் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

எல்லாப் பாடத்திலும் குறைவு என்றால் முதலில் வாசிப்பைச் சோதியுங்கள். இந்த வயதில் வாசிக்கத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து இதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

பிள்ளையின் அறிவியல் அல்லது வரலாற்றுப் புத்தகத்தில் இதுவரை படிக்காத ஒரு பகுதியிலிருந்து 100 சொற்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தவறாக வாசித்த, விட்டுவிட்ட, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்த சொற்களை எண்ணுங்கள். தானே திருத்திக்கொண்டதையும் ஊர், ஆள் பெயர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். 5-க்குள் இருந்தால் ஆசிரியர் உதவியோடு அந்தப் புத்தகத்தில் படிக்க முடியும். 10-க்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தைத் தனியாக வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பயனில்லை.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைத் தன் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். சரளமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்ல முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாசிப்பதிலேயே நிறையத் தவறுகிற முதல் வகையினருக்குச் சொற்களை வாசிப்பதில் பயிற்சி வேண்டும். சரளமாக வாசித்தும் சொல்ல முடியாத இரண்டாம் வகையினருக்குப் பாடத்தின் கலைச்சொற்கள் பிடிபடவில்லை, பத்திக்குப் பத்தி நிறுத்தி “இதில் என்ன சொல்கிறார்கள்?” என்று ஒரு வரியில் சொல்லும் பழக்கம் வர வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மாதங்கள் வீணாகும்.

வாசிப்பு சரியாக இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். அடுத்தடுத்த வகுப்புகளுக்கு அடித்தளமாக இருக்கும் பாடம் ஒன்று (பெரும்பாலும் கணக்கு), சீக்கிரம் முன்னேற்றம் தெரியக்கூடிய பாடம் ஒன்று என்று தேர்ந்தெடுப்பது நல்லது.

வாரத்தில் எத்தனை நாள்? ஒரு குழுவில் எத்தனை பேர்?

வாரம் குறைந்தது 3 நாள், தலா 45 முதல் 60 நிமிடம், குழுவில் 4 பேருக்கு மிகாமல். குறைந்தது 10 முதல் 12 வாரம். சனிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்று வைப்பது பெற்றோருக்கு வசதி, ஆனால் மொத்த நேரம் ஒன்றாக இருந்தாலும் பிரித்துப் படிப்பதன் பலன் வராது.

தனியாக ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பது பற்றி ஒரு வார்த்தை. 1984-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் வெளியிட்ட முடிவுகளில், தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைவிட நன்றாகச் செய்தார். இன்றும் பல விளம்பரங்கள் இதைத்தான் சொல்கின்றன. 2011-இல் கர்ட் வான்லென் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்மைதான், ஆனால் புளூம் சொன்ன அளவில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. அதுவும் நல்ல பலனே. அதிசயத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

குழுவாக வைத்தால், ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள் என்று சேர்க்காமல், ஒரே ஓட்டை உள்ளவர்கள் என்று சேருங்கள்.

ஒரு வகுப்பு எப்படி நடக்க வேண்டும்?

50 நிமிடத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது இது.

முதல் 8 நிமிடம், புத்தகமும் நோட்டும் மூடியிருக்கும். ஐந்து சிறு கேள்விகள்: போன வகுப்பிலிருந்து 2, போன வாரத்திலிருந்து 2, போன மாதத்திலிருந்து 1. மதிப்பெண் கிடையாது; விடையை உடனே சரிபார்த்துத் திருத்த வேண்டும்.

அடுத்த 12 நிமிடம், ஆசிரியர் ஒரு கணக்கை முழுதாகச் செய்து காட்டுவார். ஒவ்வொரு வரியிலும் “இதை ஏன் இப்போது செய்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த கணக்கில் கடைசி வரியை மட்டும் மாணவர் எழுதுவார், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரி. இப்படிப் பின்னாலிருந்து விட்டுக்கொண்டே வந்தால் நான்காவது கணக்கு முழுக்க அவருடையதாகிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு, தாங்களே முட்டி மோதிக் கண்டுபிடிப்பதைவிட முழுமையாகச் செய்துகாட்டிய எடுத்துக்காட்டுகள் அதிகம் உதவுகின்றன என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவரைத் தொடர்ந்தவர்களும் 1980-களிலிருந்து காட்டிவருகிறார்கள். புதிய விஷயத்தில் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியது நான்கைந்து விவரம்தான். அதற்கு மேல் போனால் கை நின்றுவிடும்.

அடுத்த 20 நிமிடம் மாணவரின் வேலை. ஆசிரியர் பேனாவைத் தொடக் கூடாது. மாணவர் சிக்கிக்கொண்டால் உடனே வழி சொல்லாமல், “இதுவரை என்ன தெரிந்திருக்கிறது? என்ன கேட்கிறார்கள்?” என்று கேளுங்கள். ஒரு நிமிடம் அமைதியாகப் போனால் பரவாயில்லை. நல்ல மனதுள்ள ஆசிரியர்கள்தான் இங்கே தவறுகிறார்கள். பிள்ளை திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் தாங்களே முடித்துவிடுகிறார்கள்.

பிறகு 5 நிமிடம், ஒரே ஒரு கேள்வி, யார் உதவியும் இல்லாமல். அடுத்த வகுப்பை எங்கே தொடங்குவது என்பதை இந்தத் தாள்தான் முடிவுசெய்யும். கடைசி 5 நிமிடம் பள்ளி வேலைகளைத் திட்டக் குறிப்பேட்டில் எழுதுவதற்கு.

பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்துக்கொடுத்தாலே போதாதா?

வீட்டுப்பாடம் முடியாமல் போனால் பள்ளியில் மதிப்பெண்ணும் மரியாதையும் போகும், அதனால் அதை ஒதுக்க முடியாது. ஆனால் வகுப்பு முழுவதும் அதற்கே போனால் அது பின்தங்கலை மறைக்கும், சரிசெய்யாது. மூன்று நாளில் ஒரு நாள், அதிலும் பாதி நேரம் என்று வரம்பு வையுங்கள்.

மணிக்கணக்கில் படிக்கிறாள், தேர்வில் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. ஏன்?

திரும்பத் திரும்ப வாசிப்பதைத்தான் அவள் படிப்பது என்று நினைக்கிறாள். மூன்றாவது முறை வாசிக்கும்போது எல்லாம் பழகியதாகத் தெரியும், ‘தெரியும்’ என்ற உணர்வு வந்துவிடும். தேர்வு அறையில் பக்கம் கண்முன் இருக்காது. அங்கே தேவைப்படுவது வெறுந்தாளில் எடுத்து எழுதும் திறமை. அதற்கு அவள் பயிற்சியே செய்யவில்லை.

2006-இல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் செய்த சோதனையை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழு ஒரு பகுதியை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்தவர்கள் 81 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. அன்றிரவு “நன்றாகப் படித்துவிட்டேன்” என்று தோன்றும் முறையே அடுத்த வாரம் கைவிடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பகுதியை 15 நிமிடம் படிக்கட்டும். புத்தகத்தை மூடி, வெறுந்தாளில் நினைவில் உள்ளதை 5 நிமிடம் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். அந்த நிறத்தில் இருப்பதுதான் இனிப் படிக்க வேண்டியது. இதையே மறுநாள், 3 நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதிப் பார்க்க வேண்டும். முதல் தடவை பக்கம் முக்கால்வாசி வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைவது இயல்பு. அது அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடிக்கோடிடுவதும் வண்ணம் தீட்டுவதும் வேலை செய்த திருப்தியைத் தரும். நினைவுக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

ஒரு பயிற்சிக் கணக்கு முழுவதும் சரியாகப் போடுகிறான், தேர்வில் எந்தச் சூத்திரம் என்றே தெரியவில்லையாம்?

பாடப்புத்தகத்தில் ‘பயிற்சி 4.2’ என்று இருந்தால், அதில் உள்ள எல்லாக் கணக்குக்கும் பெரும்பாலும் ஒரே சூத்திரம். எதைப் பயன்படுத்துவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. தேர்வில் முதல் வேலையே அதுதான்.

டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் கன அளவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63. ஆகவே கணக்குப் போடும் ஒரு வழிமுறை பிடிபட்ட உடனே, பழைய மூன்று பாடங்களிலிருந்தும் கணக்குகளை எடுத்துக் கலந்து கொடுங்கள். விடை காண வேண்டாம், ‘எந்த முறை, ஏன்’ என்று மட்டும் எழுதினால் போதும் என்றுகூடச் சில நாள் வைக்கலாம். 10 நிமிடத்தில் 12 கணக்கு பார்த்துவிடலாம்.

நோட்டு, பை, நேரம் எல்லாமே ஒழுங்கில்லை. இதையும் வகுப்பில் சொல்லித்தர முடியுமா?

முடியும். அறிவுரையாகச் சொன்னால் மட்டும் நடக்காது. ஒரே ஒரு திட்டக் குறிப்பேடு, அதில் பாடம், என்ன வேலை, எந்த நாள் கொடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று நான்கு கட்டம். நான்காவது கட்டம் முக்கியம்: 20 நிமிடம் என்று எழுதிய வேலைக்கு 50 நிமிடம் ஆனதைப் பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். தன் கணிப்பு எவ்வளவு தவறுகிறது என்று இரண்டு மூன்று வாரத்தில் அவர்களே பார்த்துவிடுவார்கள்.

பெரிய வேலையை ‘ப்ராஜெக்ட் செய்ய வேண்டும்’ என்று எழுதினால் கடைசி இரவுவரை நகராது. ‘தலைப்பைத் தேர்ந்தெடுப்பது’, ‘மூன்று கேள்விகள் எழுதுவது’ என்று 30 நிமிடத்துக்குள் முடியும் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் நாள் போட வேண்டும். வாரம் ஒருமுறை 15 நிமிடம் பையைக் காலிசெய்து தாள்களை அடுக்குவது வகுப்பிலேயே நடக்கட்டும். கைபேசி படிக்கிற மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தால் போதாது, அடுத்த அறையில் இருக்க வேண்டும். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அதைக் குறைத்துப் போடும் எந்தத் திட்டமும் திட்டமல்ல.

தேர்வில் நேரம் போதவில்லை என்கிறான்.

100 மதிப்பெண், 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வாசிக்க 10 நிமிடம், சரிபார்க்க 15 நிமிடம் போனால் 155 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 5 மதிப்பெண் கேள்விக்கு 7 அல்லது 8 நிமிடம்; அது தாண்டினால் இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வீட்டில் முழுத் தேர்வு எழுத வேண்டாம், ஒரே ஒரு 5 மதிப்பெண் கேள்வியைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகினால் போதும்.

முன்னேற்றம் வருகிறதா என்று எப்படித் தெரியும்?

பள்ளித் தேர்வுக்காகக் காத்திருக்காதீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே கடினத்தில், 20 கேள்வி, 10 நிமிடம். முதல் மூன்று தாள்களின் சராசரி 4 என்றும், 12 வாரத்தில் 16 வேண்டும் என்றும் வைத்தால், வாரம் ஒரு மதிப்பெண் ஏற வேண்டும். கட்டத்தாளில் அந்தக் கோட்டை வரைந்து, ஒவ்வொரு வாரமும் புள்ளி வையுங்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும்: குழுவைச் சிறிதாக்கலாம், இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம், பயிற்சியைக் கூட்டலாம். “இன்னும் முயற்சி செய்” என்று மாணவரிடம் சொல்வது முறையை மாற்றியது ஆகாது.

புள்ளிகளை மாணவரே வைக்கட்டும். அடிப்படையை நிரப்பும் முதல் இரண்டு மாதத்தில் பள்ளி மதிப்பெண் அசையாமல் இருக்கலாம். வாரத் தாள்கள் ஏறிக்கொண்டிருந்தால் பொறுங்கள்.

கற்றல் குறைபாடாக இருக்குமோ?

முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதை வெளியே சொல்லாத பிள்ளைகள் உண்டு. அடுத்து, எப்போதிலிருந்து என்று பாருங்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு மூன்று மாதத்தில் திடீரென்று சரிந்தால் காரணம் பெரும்பாலும் பாடத்துக்கு வெளியே இருக்கும்: உடல்நலம், மனச்சோர்வு, பள்ளியில் யாரோ துன்புறுத்துவது, வீட்டில் ஏதாவது. அங்கே துணை வகுப்பைக் கூட்டுவது சுமையைத்தான் கூட்டும். பேசுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப்போங்கள்.

சிறு வயதிலிருந்தே எழுத்துக்கூட்டுவதில், வாய்ப்பாட்டில், ஒரே இடத்தில் கவனம் வைப்பதில் சிரமம் இருந்து, மேலே சொன்ன முறையில் 10, 12 வாரம் ஒழுங்காகக் கற்பித்தும் வாரப் புள்ளிகள் ஏறவில்லை என்றால் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), டிஸ்கால்குலியா (எண்களில் சிரமம்), ஏ.டி.எச்.டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு) போன்றவற்றுக்கான மதிப்பீட்டுக்குப் போங்கள். குறைபாடு என்று நிரம்பத் தெளிவாகத் தெரிந்தால் 12 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வாரத் தாள்களை எடுத்துப்போனால் மதிப்பிடுகிறவருக்குப் பெரிய உதவி.

வகுப்புக்கு வரவே மாட்டேன் என்கிறாள். என்ன செய்ய?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. 15 வயதில் நண்பர்கள் முன்னால் ‘வீக் ஸ்டூடண்ட்’ என்ற பெயர் வாங்குவதைவிட, ‘படிக்கப் பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிடுவது எளிது. சோம்பேறித்தனமாக நமக்குத் தெரிவது பல நேரம் வெட்கம்.

அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. கீழ்வகுப்புப் பாடத்தைக் கற்பிக்கும்போது அட்டையில் ‘வகுப்பு 6’ என்று அச்சிட்ட புத்தகத்தை மேசையில் வைக்காதீர்கள், தனித்தாளில் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் பத்தில் எட்டு சரியாக வரும்படி கேள்விகளைத் தேர்ந்தெடுங்கள். பாராட்டும்போது “கெட்டிக்காரி” என்பதைவிட, “பொதுப் பகுதி எண்ணை இன்றைக்கு நீயே கண்டுபிடித்தாய்” என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நேரத்தையோ, எந்தப் பாடம் முதலில் என்பதையோ அவளே முடிவுசெய்யட்டும்.

வீட்டில் பெற்றோர் பாடம் நடத்த வேண்டாம், சண்டைதான் வரும். இடமும் நேரமும் ஒதுக்கித் தாருங்கள். “எத்தனை மார்க்?” என்று கேட்கும் இடத்தில் “இன்னைக்குப் படிச்சதுல புத்தகம் பார்க்காம என்ன சொல்ல முடியுது?” என்று கேளுங்கள். அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

எப்போது நிறுத்தலாம்?

வாரத் தாளில் இலக்கைத் தொடர்ந்து மூன்று வாரம் தொட்டு, பள்ளி வீட்டுப்பாடத்தை உதவியின்றித் தொடங்க முடிந்தால் குறைக்கத் தொடங்கலாம். ஒரேயடியாக நிறுத்தாமல் வாரம் 3 நாளை 1 நாளாக்கி ஒரு மாதம் பாருங்கள். பிறகு மாதம் ஒரு கண்டறியும் தாள், மூன்று மாதம். ஏதாவது ஒரு தலைப்பில் இரண்டு கேள்வியும் தவறினால், அந்தத் தலைப்புக்கு மட்டும் இரண்டு வாரம் திரும்ப வரச் சொல்லுங்கள். முழு வகுப்பையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதில்லை.